கேம்பிரிட்ஜின் ‘ரைட் அண்ட் இம்ப்ரூவ்’: தேர்வின் மின்னஞ்சல் கேள்விக்கு இது ஒன்றே போதுமா?

யாங்கோனில் ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ என்று ஏதாவது ஓர் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற நம் பிள்ளைகள் பயப்படுவது கட்டுரைக்குத்தான். மின்னஞ்சலோ கடிதமோ எழுதச் சொன்னால், தினமும் செய்கிற வேலைதானே என்று பயிற்சியே இல்லாமல் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். அந்த ஒரு கேள்விக்குப் பழகிக்கொள்ள, காசு கேட்காத கருவி எது என்று யார் கேட்டாலும் முதலில் சொல்லக்கூடியது கேம்பிரிட்ஜின் ‘ரைட் அண்ட் இம்ப்ரூவ்’ தளம். இலக்கணத்தைச் சரிபார்க்க அருமையான துணை. மின்னஞ்சல் யாருக்குப் போகிறது, அவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறோம், கேள்வியில் கேட்டதெல்லாம் விடையில் வந்ததா என்பதை மட்டும் அதனிடம் விட்டுவிடக் கூடாது. அதை நாம் பார்த்து முடித்த பிறகே தளத்தைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பாதிப் பயன்கூட மிஞ்சாது.

இது கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயலி இல்லை. குரோம் போன்ற உலாவியிலேயே திறக்கும் தளம். எழுதியதைச் சேமித்து வைக்கக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரி போதும். வங்கி அட்டை எண் கேட்காது. இங்கிருந்து வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குப் பணம் கட்டுவது எத்தனை அலைச்சல் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வகுப்பறையில் ஆசிரியர்கள் பயன்படுத்தத் தனி வசதியும் வைத்திருக்கிறார்கள். தனியாகப் படிப்பவருக்கு அது தேவையில்லை.

உள்ளே தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என்று பயிற்சித் தொகுதிகள் இருக்கும். ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்குள் விடையைத் தட்டச்சு செய்து, ‘செக்’ பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் பதில் வந்துவிடும். ஏ1 (அடிப்படி) முதல் சி2 (உச்சிப்படி) வரையிலான ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் உங்கள் எழுத்து எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் காட்டும். அடுத்து, பிழை இருக்கக்கூடிய வாக்கியங்களுக்கு நிறம் ஏற்றிக் காட்டும். அதற்குள்ளேயே சந்தேகமான சொல்லுக்குத் தனிக் குறி இருக்கும். திருத்திவிட்டு மறுபடியும் அழுத்தலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். படி ஏறியதா இறங்கியதா என்பது வரைபடமாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் தேர்வுகளை எழுதிய மாணவர்களின் நிஜ விடைகளை வைத்துப் பழக்கிய கருவி என்பதால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று இதற்கு நன்றாகவே தெரியும்.

இதில் மெச்ச வேண்டியது என்னவென்றால், நமக்குப் பதிலாக இது எழுதித் தராது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் முழுவதையும் மாற்றி, பளபளவென்று கையில் கொடுத்துவிடும். படிக்க நன்றாக இருக்கும். தேர்வு அறையில் அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வராது, ஏனென்றால் அது நாம் எழுதியதே இல்லை. ரைட் அண்ட் இம்ப்ரூவ் ‘இந்த இடத்தைப் பார்’ என்று தொட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சில இடத்தில் மாற்றுச் சொல்லும் தரும். பல இடத்தில் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிட யோசனைதான் கையில் நிற்கும்.

தளத்தில் இருக்கும் கேள்விகளோடு நின்றுவிட வேண்டாம். சொந்தமாக ஒரு தொகுதி தொடங்கி, உங்கள் தேர்வின் அதிகாரபூர்வ மாதிரிக் கேள்வியை அதில் ஒட்டிக்கொள்ளலாம். செய்தே ஆகவேண்டிய வேலை இது, ஏனென்றால் மின்னஞ்சல் கேள்வி ஒவ்வொரு தேர்விலும் ஒவ்வொரு மாதிரி.

எந்தத் தேர்வு, எத்தனை சொல், எவ்வளவு நேரம்

ஐஇஎல்டிஎஸ்ஸில் கடிதம் வருவது வேலைக்கும் குடியேற்றத்துக்குமான ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் மட்டும். பல்கலைக்கழகப் படிப்புக்கான அகாடமிக் எழுதுபவர்களுக்குக் கடிதமே கிடையாது. அது தெரியாமல் மாதக்கணக்கில் கடிதம் பழகுபவர்களும் உண்டு. குறைந்தது 150 சொற்கள், சுமார் 20 நிமிடம், கேள்வியில் மூன்று குறிப்புகள். முகவரி எழுதத் தேவையில்லை என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு இதைப்போல் இரண்டு மடங்கு எடை. அதனால் கடிதத்தை 20 நிமிடத்துக்குள் முடித்தே ஆகவேண்டும்.

கனடாவில் குடியேறுவதற்கான செல்பிப் தேர்வில் முதல் எழுத்துக் கேள்வியே மின்னஞ்சல்தான்: 27 நிமிடம், 150 முதல் 200 சொற்கள். அதே நாட்டுக்காக வந்திருக்கும் பிடிஇ கோர் தேர்வில் ஒன்பது நிமிடம்தான். நூறு சொற்களை ஒட்டி எழுத வேண்டும். 120ஐத் தாண்டினால் மதிப்பெண் குறையும். டோஃபல் 2026 ஜனவரியிலிருந்து மாறிவிட்டது. மின்னஞ்சல் கேள்வி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதற்கு ஏழு நிமிடம். பழைய டோஃபல் புத்தகத்தை அண்ணன் அக்காவிடமிருந்து வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆப்டிஸ் ஜெனரல் தேர்வில் ஒரே செய்திக்கு இரண்டு மின்னஞ்சல்: நண்பருக்குச் சுமார் 50 சொற்களில் ஒன்று, முன்பின் தெரியாத அதிகாரிக்கு 120 முதல் 150 சொற்களில் ஒன்று. கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரியில் வந்த மின்னஞ்சலுக்குச் சுமார் நூறு சொற்களில் பதில். ஓரத்தில் நான்கு குறிப்புகள் எழுதியிருக்கும், நான்கையும் தொட வேண்டும்.

ரைட் அண்ட் இம்ப்ரூவ் இந்தக் கடிகாரத்தை நமக்காக ஓட்டாது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு எழுதுவது நம் பொறுப்பு. கருவியின் முன்னால் சாவகாசமாக முக்கால் மணி நேரம் திருத்தித் திருத்திப் பி2 வாங்கியவர், ஒன்பது நிமிடத்தில் பி1கூட எட்டாமல் போகலாம்.

ஒரே ஒரு மின்னஞ்சலை விரித்துப் பார்ப்போம்

கேள்வி இப்படி இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் கடையில் வாங்கிய இன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. கடை மேலாளருக்கு எழுதுங்கள். எப்போது என்ன வாங்கினீர்கள், என்ன கோளாறு, கடை என்ன செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் ஆகிய மூன்றும் வரவேண்டும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வியில் எழுதப் பொருள் இல்லை என்ற பேச்சே இல்லை.

நம்மவர்கள் வழக்கமாக எழுதும் விடை இது:

“ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் குமார் ஃப்ரம் யாங்கோன். ஐ ஹோப் யூ ஆர் ஃபைன். ஐ பாட் ஒன் இன்வெர்ட்டர் ஃப்ரம் யுவர் ஷாப் பிஃபோர் டூ வீக்ஸ். இட் இஸ் நாட் வொர்க்கிங் ப்ராப்பர்லி. ஐ ஆம் ஃபேசிங் மெனி ப்ராப்ளம் பிகாஸ் ஆஃப் திஸ். மெனி டைம்ஸ் ஐ கால்ட் யுவர் ஸ்டாஃப்ஸ் பட் தே டிடின்ட் கேவ் எனி ரெஸ்பான்ஸ். சோ ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு டூ த நீட்ஃபுல் ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள். தேங்கிங் யூ.”

இதைப் பெட்டியில் போட்டால் பிடிபடக்கூடிய பிழைகள் நான்கு. ‘பிஃபோர் டூ வீக்ஸ்’: ரெண்டு வாரத்துக்கு முன்னால் என்று தமிழில் நினைத்து அப்படியே வைத்தது, ‘டூ வீக்ஸ் அகோ’ என்று வரவேண்டும். ‘மெனி ப்ராப்ளம்’: பன்மை விகுதி விழுந்துவிட்டது. ‘ஸ்டாஃப்ஸ்’: இந்தச் சொல் இந்த இடத்தில் எஸ் சேர்க்காது. ‘டிடின்ட் கேவ்’: இறந்தகாலம் இரண்டு தடவை. இந்த வகைத் தவறுகளில் தளம் கெட்டிக்காரத்தனமாகவே இருக்கிறது. நான்கையும் திருத்தினால் நிறம் வெளுக்கும், படி ஏறும், மனசும் நிறையும்.

அப்படித் திருத்திய மின்னஞ்சல்கூடத் தேர்வில் தோற்கும். காரணங்களைப் பாருங்கள். மொத்தமே 62 சொற்கள். ஐஇஎல்டிஎஸ் கேட்டதில் பாதிகூட இல்லை. என்ன கோளாறு என்று எங்கும் சொல்லவில்லை; ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்பது கேள்வியிலேயே இருந்த செய்தி. கடை என்ன செய்யவேண்டும் என்பதற்கு ‘ஆவன செய்யுங்கள்’ என்பது பதிலே ஆகாது. மாற்றித் தருவதா, ரிப்பேர் செய்வதா, பணத்தைத் திருப்பித் தருவதா? படிக்கும் மேலாளருக்குத் தெரியாது. மூன்று குறிப்புகளில் ஒன்றுதான் உருப்படியாக வந்திருக்கிறது. புகார்க் கடிதத்தின் தொடக்கத்தில் நலம் விசாரிப்பதும் பொருந்தவில்லை. இவற்றில் எதுவுமே இலக்கணப் பிழை இல்லையே! அதனால் கருவிக்குக் குறி வைக்க இடமில்லை. விடை கேள்வியை ஒட்டி இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்த்தாலும், இரண்டாவது குறிப்பு காலி, மூன்றாவது அரைகுறை என்று விரல் வைத்துச் சொல்லும் வேலை இதனுடையது இல்லை.

எடுபடும் விடையில் ஒவ்வொரு குறிப்புக்கும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு தகவல் இருக்கும். தொடக்கம்: “ஐ ஆம் ரைட்டிங் அபவுட் அன் இன்வெர்ட்டர் விச் ஐ பாட் ஃப்ரம் யுவர் ஷாப் ஆன் 3 மே.” எதற்கு எழுதுகிறோம், என்ன வாங்கினோம், எப்போது என்பது பதினைந்து சொல்லில் முடிந்துவிட்டது. கோளாறு: “இட் இஸ் சப்போஸ்ட் டு ரன் டூ ஃபேன்ஸ் அண்ட் எ லேம்ப் ஃபார் ஃபோர் அவர்ஸ் வென் த பவர் கோஸ் ஆஃப், பட் இட் ஸ்விட்சஸ் இட்செல்ஃப் ஆஃப் ஆஃப்டர் அபவுட் டென் மினிட்ஸ், ஈவன் வென் த பேட்டரி இஸ் ஃபுல்.” நான்கு மணி நேரம் ஓடவேண்டியது பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இனி யாரும் ‘என்ன கோளாறு’ என்று திரும்பக் கேட்க முடியாது. கோரிக்கை: “ஐ வுட் லைக் யூ ஈதர் டு ரிப்ளேஸ் இட் வித் எ நியூ ஒன் பை த எண்ட் ஆஃப் திஸ் வீக் ஆர் டு ரிஃபண்ட் த ஃபுல் அமவுண்ட்.” இரண்டு வழி, ஒரு கெடு.

இந்த மூன்று வாக்கியங்களும் எலும்புக்கூடு மட்டும். இவற்றைச் சுற்றி 150ஐத் தாண்ட வேண்டும். தொடக்கத்துக்கு 20, 25 சொல், ஒவ்வொரு குறிப்புக்கும் சுமார் 45 சொல், முடிப்பதற்கு ஒரு வரி என்று வைத்தால் 160, 170இல் வந்து நிற்கும். கோளாறு இருக்கும் பத்தி கொஞ்சம் நீண்டால் தப்பில்லை. படிப்பவருக்கு அங்கேதான் விவரம் தேவை. குறிப்புகளுக்குப் புள்ளி வைத்து வரிசையாக எழுதக் கூடாது, பத்தியாகவே எழுத வேண்டும். கடையில் ரசீது கேட்பார்களே, அதனால் ‘ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் பத்துச் சொல்லும் கிடைக்கும், நிஜமான மின்னஞ்சல் போலவும் இருக்கும்.

பழகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். கேள்வியைக் காட்டாமல், எழுதிய மின்னஞ்சலை மட்டும் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். யாருக்கு எழுதியது, என்ன நடந்தது, என்ன செய்யச் சொல்கிறாய் என்ற மூன்றையும் அவர் சொல்லிவிட்டால் விடை நிற்கும். ‘என்னமோ இன்வெர்ட்டர் பிரச்சினை போல’ என்றால் மறுபடி எழுத வேண்டியதுதான். இந்தத் தளம் செய்யாத வேலை இது, இரண்டு நிமிடம்கூட ஆகாது.

யாருக்கு எழுதுகிறோம் என்ற இடத்தில்தான் நம்மவர் அதிகம் தடுமாறுகிறோம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் கடையிலும் பர்மிய மொழி, தேர்வில் ஆங்கிலம். இரண்டு பக்கத்து மரியாதையும் ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் வழியாக ‘ரெஸ்பெக்டட் சார்’ வருகிறது. ஆசிரியரையும் டாக்டரையும் மேலாளரையும் ‘சயா’ என்றே கூப்பிட்ட பழக்கத்தில் ‘டியர் டீச்சர்’ வருகிறது. பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஊ, டோ போடும் பழக்கத்தில் ‘டியர் மிஸ்டர் ஊ’ என்று மரியாதை இரட்டிப்பாகிறது. தேர்வுக்கு வேண்டியது இரண்டே ஜோடிதான். பெயர் தெரியாதவருக்கு ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிக்க வேண்டும். பெயர் தெரிந்தவருக்கு ‘டியர் மிஸ்டர் பிரவுன்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. நண்பருக்கு எழுதும்போது பெயரைச் சொல்லி அழைத்து, ‘பெஸ்ட் விஷஸ்’ என்று விட்டுவிடலாம். ஐஇஎல்டிஎஸ் தாளில் எப்படித் தொடங்க வேண்டும் என்று பெரும்பாலும் அங்கேயே கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே எழுதுங்கள்.

தொடக்கமும் முடிவும் மட்டும் சரியாக இருந்தால் போதாது, நடுவிலும் அதே குரல் வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸின் மதிப்பீட்டு விவரிப்பில் 7ஆம் பேண்டுக்கு (மதிப்பெண் நிலைக்கு) நோக்கம் தெளிவாகவும் தொனி சீராகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 6இல் தொனி சில இடத்தில் மாறலாம் என்று விட்டுக்கொடுக்கிறார்கள். 6க்கும் 7க்கும் நடுவில் சிக்கித் தவிப்பவர்கள் தங்கள் கடிதத்தை எடுத்து இந்த ஒன்றைப் பாருங்கள்: மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் ‘ஐ வான்ட் மை மணி பேக்’ என்று வந்திருக்கிறதா? நண்பனுக்கு எழுதியதில் ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ என்று வந்திருக்கிறதா? இரண்டும் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள். இடம்தான் தப்பு. ரைட் அண்ட் இம்ப்ரூவ் இரண்டையும் சும்மா விட்டுவிடக்கூடும்.

இன்னொன்று, ஆணா பெண்ணா என்பது. தமிழில் ‘அவர்’ என்றால் இருவருக்கும் பொது. பர்மியப் பேச்சிலும் ஒரே சொல் இருவருக்கும் ஓடும். அதனால் மேலாளர் பெண் என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘ஹி’ என்று எழுதிவிடுகிறோம். அது தனி வாக்கியத்தில் பிழையில்லாத ஆங்கிலம் என்பதால் இதுபோன்ற கருவி தவறவிடக்கூடும். எழுதி முடித்ததும் ஹி, ஷி, ஹிஸ், ஹெர் ஆகியவற்றை மட்டும் தேடி ஒரு தடவை கண் ஓட்டுங்கள்.

நண்பருக்கு எழுதும் கேள்வியில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா, கோயில் தீமிதி, மொஹிங்கா என்று நம் ஊர்ச் சங்கதிகளைத் தாராளமாக எழுதலாம். விடையில் உயிர் இருக்கும். படிப்பவர் இந்த ஊரைப் பார்த்திராதவர் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முதல் தடவை வரும்போது அரை வரியில் விளக்கிவிடுங்கள்: ‘மொஹிங்கா, எ ஃபிஷ் நூடில் சூப்’. இத்தகைய பெயர்களைத் தளம் எழுத்துப் பிழை என்று குறித்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

படியைத் துரத்துவதால் வரும் கெடுதல்

வரைபடம் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சோதித்து, சின்ன வாக்கியங்களை இழுத்து நீட்டி, ‘கெட்’ இருந்த இடத்தில் எல்லாம் ‘அப்டெய்ன்’ போட்டுப் படியை ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. கிடைப்பது, நண்பனுக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு மின்னஞ்சல். தளம் காட்டும் படி பயிற்சிக்கு மட்டும். அது தேர்வு மதிப்பெண் இல்லை. பி2 என்பது ஐஇஎல்டிஎஸ்ஸில் 5.5 முதல் 6.5 வரை பரந்து கிடக்கிறது, எனவே ‘பி2 வந்துவிட்டது, ஆறரை நிச்சயம்’ என்று கணக்குப் போட வழியில்லை. ஐம்பது சொல்லில் எழுதிய குட்டி மின்னஞ்சலுக்கு வரும் படியை நம்பவே வேண்டாம், அவ்வளவு குறைந்த எழுத்தை வைத்து யாராலும் நிலை சொல்ல முடியாது. ஒரு விடைக்கு இரண்டு தடவை சோதனை போதும். அதற்குமேல் அதே விடையில் கற்க ஒன்றும் இருக்காது. அடுத்த நாள் அதே இன்வெர்ட்டர் கதையை நண்பனுக்கு எழுதுங்கள். ஆளை மாற்றினால் மொழி எப்படி மாறுகிறது என்று அதில்தான் பிடிபடும்.

மனப்பாட வரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டியூஷன்களில் தரும் வார்ப்பு வரிகளை ஒட்டிப் பெட்டியில் போட்டால் தளம் பாராட்டவே செய்யும், ஏனென்றால் அந்த வரிகள் பிழையில்லாதவை. ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர்களுக்கோ மனப்பாடம் செய்து எழுதியதை அடையாளம் காணவே பயிற்சி உண்டு. தொடக்கத்துக்கு ஒரு வரி, முடிவுக்கு ஒரு வரி நெட்டுரு போட்டு வைக்கலாம். நடுவில் உள்ளதெல்லாம் கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும்.

இங்கே உட்கார்ந்து பயன்படுத்துவோருக்கு நடைமுறையில் சில விஷயங்கள். விடையை நேரே தளத்தின் பெட்டியில் அடிக்காதீர்கள். இணைய இணைப்பு அறுந்தாலோ கரண்ட் போய் வைஃபை நின்றாலோ எழுதியது போய்விடலாம். கைப்பேசியின் குறிப்பேட்டிலோ வேர்டிலோ எழுதி முடித்து, இணைப்பு இருக்கும்போது ஒட்டிச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். டேட்டாவும் அதிகம் செலவாகாது. கைப்பேசியில் எழுதினால் சொல்லைத் தானாகத் திருத்தும் வசதியையும், அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எழுத்துப் பிழை தளத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே மறைந்துவிடும், உங்களுக்கு எந்தச் சொல் தெரியாது என்பதும் அதோடு மறைந்துவிடும். கணினியில் எழுதும் ஐஇஎல்டிஎஸ்ஸில் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும், எழுத்துப் பிழையை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

தட்டச்சு வேகம் தனிப் பிரச்சினை. கட்டைவிரலால் மட்டும் எழுதிப் பழகியவர் கணினி விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் 160 சொல்லை அடிக்கவே நேரம் போய்விடும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிலிருந்தாவது வாரத்தில் சில நாள் நிஜ விசைப்பலகையில் எழுதுங்கள், சொந்தக் கணினி இல்லாவிட்டால் தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ கேட்டாவது. பிடிஇ கோரும் டோஃபலும் எழுதுபவர்களுக்கு ஒன்பது நிமிடமும் ஏழு நிமிடமும்தான் என்பதால் இதில் சமாதானமே கிடையாது.

20 நிமிடத்தை இப்படிப் பிரித்தால் கைக்கு வரும்: முதல் மூன்று நிமிடம் எழுதவே கூடாது. யாருக்கு, எதற்கு, மூன்று குறிப்புக்கும் ஒவ்வொரு தகவல் என்று தாளில் கிறுக்க வேண்டும். அடுத்த பதினான்கு நிமிடம் எழுத வேண்டும். கடைசி மூன்று நிமிடம் திருத்தம். அதில் பார்க்க வேண்டியது பன்மை எஸ், இறந்தகால ஈடி, ஏ - தி, ஹி - ஷி. தமிழிலும் பர்மியத்திலும் ஏ, தி போல ஒன்று இல்லாததால் நமக்கு அது விழுந்துகொண்டே இருக்கும். அலாரம் அடித்த பிறகு தளத்தைத் திறங்கள். அது காட்டும் பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஐந்தாறு மின்னஞ்சலுக்குள் உங்கள் சொந்தப் பிழைகள் எவை என்று தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு அது மூன்று நான்கு வகையைத் தாண்டாது, திரும்பத் திரும்ப அதே வகைதான் வரும்.

யாருக்கு இது ஏற்றது? பி1, பி2 நிலையில் இருந்துகொண்டு இலக்கணப் பிழையால் மதிப்பெண் இழப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கவே திணறுபவருக்கு ஆரம்பத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும். நிறம் நிறைந்த திரையைப் பார்த்து மனம் உடைந்துபோகும். இலக்கணம் சுத்தமாக இருந்தும் 6.5ஐத் தாண்ட முடியாதவருக்கு இது அதிகம் தராது. அவருடைய சிக்கல் தொனியிலும் விவரத்திலும் இருக்கும். மனிதர் ஒருவர் படித்துச் சொல்வதுதான் அங்கே மருந்து. மூன்று நான்கு கடிதத்துக்கு மட்டும் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துத் திருத்தி வாங்குவது, மாதம் முழுவதும் வகுப்புக்குப் போவதைவிடப் பயன் தரும்.

சொந்தக் கேள்வியை ஒட்டிப் பழகும்போது நிஜப் பெயர், வீட்டு முகவரி, பாஸ்போர்ட் எண், வேலை செய்யும் இடம் எதையும் பெட்டிக்குள் எழுதாதீர்கள். கணக்கு தொடங்கும்போது விதிமுறையைப் படித்து, எழுதியதை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். குமார் என்றோ மா மா என்றோ ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொண்டால் தேர்வுத்தாளிலும் அதுவே கையெழுத்தாக நின்றுவிடும்.